வராத தீட்டுக்கு ஒதுங்கியவள்

தை மாதம் எட்டாம் தேதி காலையில், வராத தீட்டுக்கு அடைக்கலமேரி ஒதுங்கி உட்கார்ந்தாள்.

பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தட்டையும் செம்பையும் கையில் எடுத்துக்கொண்டு, கொல்லையில் இருந்த கீற்றுக் கொட்டகைக்கு அவள் போன போக்கில் வழக்கத்தைவிடச் சத்தம் அதிகம். செம்பை இரண்டு தடவை கீழே போட்டாள். கொட்டகைக்குப் பின்னால் வாய்க்கால். வாய்க்காலுக்கு அக்கரையில் பண்ணையின் வண்டிப்பாதை. அதைத் தாண்டினால் அவர்கள் குத்தகைக்கு உழும் ஒன்பது மா நிலம், கதிர் தலைசாய்ந்து நின்றது. தினமும் எட்டு மணிக்கு அந்தப் பாதையில் சைக்கிளில் போகும் பண்ணைக் காரியஸ்தர் சாரங்கபாணியின் கண்ணில் தான் பட்டாக வேண்டும் என்பதுதான் அவள் வேண்டுதல். பயம் பாதி, குதூகலம் பாதி.

கிறிஸ்தவப் பெண்ணுக்கு ஏது தீட்டு, ஏது ஒதுங்கல் என்று கேட்பீர்கள். நியாயம்தான். அது மாமியாரும் மருமகளும் எட்டு வருஷத்துக்கு முன் செய்துகொண்ட உடன்படிக்கை. தியாகேசன் அவளைக் கட்டியபோது, ஆயரிடம் தனி அனுமதி வாங்கி, பீடத்துக்கு முன்னால் இல்லாமல் கோயிலின் பக்க அறையில்தான் கல்யாணம் நடந்தது. பிறக்கிற பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சம்மதம் என்று அவன் கையெழுத்துப் போட்டான். அன்றைக்கே மாமியார் தங்கமணியும் தன் பங்குக்குச் சொல்லிவிட்டாள். “புள்ளைங்களுக்கு உங்க தண்ணிய ஊத்திக்கங்க. நான் குறுக்க நிக்கல. ஆனா மாசத்துல மூணு நாள் என் அடுப்பங்கரையில கால் வைக்கக் கூடாது.” கொடுத்தும் வாங்கியும் போவதுதானே குடும்பம்? அடைக்கலமேரி ஒத்துக்கொண்டாள். கிழவிக்குக் கை நடுக்கம். ஆகவே அந்த மூன்று நாளும் சோறாக்குவதும் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும் தியாகேசன் தலையில் விழுந்தது. நாலு பேரை ஒற்றைக் கம்பால் விரட்டும் ஆள், புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ரசம் வைப்பான்.

மூன்றாவது பிள்ளை பிறந்தபோது அடைக்கலமேரி செத்துப் பிழைத்தாள். ரத்தம் நிற்கவே இல்லை. “இன்னொண்ணு வேணாம்பா. வந்தா, இவங்கள உசுரோட வீட்டுக்கு அனுப்புவேன்னு என்னால சொல்ல முடியாது” என்று டாக்டரம்மா தியாகேசனிடம் சொல்லிவிட்டார். ஊர்ச் சுவர்களில் எல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்து வைத்திருந்த காலம் அது. நர்ஸ் வீட்டுக்கே வந்து லூப் வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

அடைக்கலமேரி, பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் கேட்டாள். லூப்பும் கூடாது, மாத்திரையும் கூடாது என்றார் அவர். “பாப்பரசரே எழுதிட்டாரும்மா. மாத்தறதுக்கு நான் யாரு?” அதைச் சொன்னதில் அவருக்குச் சந்தோஷம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

தியாகேசன் விடுகிற ஆளா? மறுநாளே பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு சாமியார் பங்களா வாசலில் போய் நின்றான்.

“சாமி, நான் உங்க ஆளு இல்ல. நான் போயி ஆபரேசன் பண்ணிக்கிட்டா இவளுக்கு ஏன் பாவம் வருது?”

சாமியார் யோசித்துத்தான் பதில் சொன்னார். “அவ வேணாம்னு தடுத்தும் நீங்க பண்ணிக்கிட்டா, அது உங்க பாடு. அவ மனசார சம்மதிச்சா, அவளுக்கும் அதுல பங்கு உண்டு.”

தியாகேசன் அவள் பக்கம் திரும்பினான். “நீ தடுக்கறியா?”

“தடுக்கறேன்.”

“மனசாரவா?”

அவள் தரையைப் பார்த்தாள். சாமியாரும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

வழியெல்லாம் தியாகேசன் பொரிந்து தள்ளினான். “பெத்தவ நீ, சாவப்போறவ நீ. ரோமாபுரியில இருக்கறவரு எதுக்கு நம்ம வீட்டுக் கட்டிலுக்கு வரப்பு போடறாரு?”

“ஏங்க, இந்த ஊருல நெலம், வீடு, சாமி, சனம் எல்லாம் உங்களோடது. அந்தக் கோயில்ல முட்டி போட்டு நாக்குல நன்மை அப்பம் வாங்கறேனே, அது ஒண்ணுதான் என்னோடது. அதையும் வுட்டுட்டா இங்க நான்னு யாரு இருக்கா?”

இரண்டு நாள் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, “சரி, உன் வழி என்னன்னு சொல்லு” என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவனுக்கு ஏழு ஜென்மம் சோறாக்கிப் போடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அவள் மதத்தில் ஏழு ஜென்மம் கிடையாது என்பது வேறு விஷயம்.

வழி இருந்தது. கோயில் மருந்தகத்துச் சிஸ்டர் சொல்லிக் கொடுத்த நாள்கணக்கு. ஒதுங்கின நாளிலிருந்து எண்ணி, எட்டாம் நாள் முதல் பத்தொன்பதாம் நாள் வரைக்கும் புருஷன் பெண்டாட்டி தள்ளி இருக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இதைத் திருச்சபை தடுப்பதில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பஞ்சையும் நெருப்பையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்துவிட்டுப் பற்றாதே என்றால் கேட்குமா? தியாகேசன் தன்னைப் பற்றி நன்றாகத் தெரிந்தவன். எட்டாம் நாள் சாயங்காலம் கம்பையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு, “வயக்காவலுக்குப் போறேன்” என்று கிளம்பிவிட்டான்.

வயலுக்குக் காவல் தேவையாகவும் இருந்தது. குத்தகைக்காரன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் வந்ததும் பண்ணைக்குக் கிலி பிடித்துவிட்டது. குத்தகையே கிடையாது, எல்லாம் சொந்தச் சாகுபடி என்று அதிகாரியிடம் சாதித்தது. சாதித்ததை நிரூபிக்க, தியாகேசனின் பயிரில் கைவைக்கப் பார்த்தது. அவன் மாதத்தில் பன்னிரண்டு நாள் பனியில் கிடந்து காவல் காத்ததைப் பார்த்து விவசாயச் சங்கத்து மருதையன் கூட்டத்துக்குக் கூட்டம் உருகினார். “தோழர் தியாகேசனப் பாருங்க! வீடு வாசல் பொண்டாட்டி எல்லாத்தையும் மறந்துட்டு வயல்ல கெடக்காரு!” மறக்க முடியாததால்தான் அங்கே கிடக்கிறான் என்று சங்கத்துக்கு யார் சொல்வது?

ஆனாலும் மாதம் ஒரு அடி விழுந்துகொண்டே இருந்தது. ஐப்பசியில் வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டார்கள். கார்த்திகையில் பயிரில் மாட்டை ஏற்றினார்கள். மார்கழியிலும் மறுபடி மாடு. மூன்று தடவையும் தியாகேசன் வீட்டில் இருந்த நாளாகப் பார்த்து நடந்தது. எப்படி என்று யாருக்கும் புரியவில்லை.

அதை அவிழ்த்துவிட்டவள் காரியஸ்தர் பெண்டாட்டி பிரகதாம்பாள்தான். அவளுக்குச் சூது தெரியாது. பொங்கல் முடிந்த மறுநாள் குளத்துப் படித்துறையில் துணி அலசிக்கொண்டே சிரித்தாள். “நீ ஒதுங்கற மூணு நாளும் உன் வீட்டுக்காரர் அடுப்பூதறாராமே? எங்க வீட்ல இவரு தேதி போட்டுக் குறிச்சு வெச்சிக்கிட்டுச் சிரிக்கிறாரு. ரெண்டாம் நாள்னா ஆளு அசைய மாட்டாராம்!”

அடைக்கலமேரிக்கு உச்சந்தலையில் சுரீரென்றது. வீட்டுக்கு ஓடிவந்து கோயில் காலண்டரைப் புரட்டினாள். வரப்பு வெட்டினது அவள் ஒதுங்கின இரண்டாம் நாள். மாடு ஏறினதும் இரண்டாம் நாள். மார்கழியிலும் அதே. கொட்டகையில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பாதையில் போகிறபோதே பார்த்து அந்த மனுஷர் தேதி குறித்திருக்கிறார்! வெட்கத்தில் முதலில் அழுகை வந்தது. அழுது முடித்தபோது கோபம் வந்தது. கோபம் ஆறுவதற்குள் யோசனை வந்துவிட்டது.

பதிவு தாசில்தார் முகம்மது யூசுப், பார்வையிட வரும் தேதி தை பன்னிரண்டு என்று இரு தரப்புக்கும் நோட்டீஸ் அனுப்பியிருந்தார். அதற்கு முன்னால் பண்ணை பயிரை அறுத்துக்கொண்டு போய்விடும், வெறும் அடித்தாளைத்தான் பார்ப்பீர்கள் என்று மருதையன் போய் அழுதார். “ஒன்பதாம் தேதி பத்து மணிக்கு அந்தப் பாதை வழியாப் பக்கத்து ஊருக்குப் போறேன். பாக்கறதுக்கு ஏதாவது இருந்தா ஜீப்ப நிறுத்தறேன்” என்று அவர் சொல்லியிருந்தார். பார்க்க ஏதாவது இருக்க வேண்டும். அவ்வளவுதான். எட்டாம் தேதி அவள் ஒதுங்கினால், ஒன்பதாம் தேதி சாரங்கபாணி வந்தே தீருவார்.

இதெல்லாம் சரி. ஆனால் அவள் நெஞ்சுக்குள் வேறொரு உலை கொதித்துக்கொண்டிருந்தது. தை ஐந்தில் அவளுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆறிலும் இல்லை, ஏழிலும் இல்லை. ஒரு நாளும் தப்பாதவள். புது வருஷப் பூசைக்கு அவளையும் பிள்ளைகளையும் கூட்டிப்போய்க் கூட்டிவந்த தியாகேசன், அன்று மட்டும் வயலுக்குத் திரும்பிப் போகவில்லை. எண்ணிப் பார்த்தால் அது பன்னிரண்டாம் நாள். மனுஷர்கள்தானே! அந்த ஒரு நாள்தான் இப்போது அவள் கழுத்தில் கத்தியாக நின்றது. மூன்று பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசிப் பெண்ணுக்கு இன்னும் சரியாகப் பேச்சு வரவில்லை.

ஆக, எது வரவேண்டும் என்று மாதாவிடம் மன்றாடிக்கொண்டிருந்தாளோ அது வந்ததாகவே நடித்து உட்கார்ந்தாள். வாயால் சொன்னால்தான் பொய்யா, பாய் விரித்து உட்கார்ந்தாலும் பொய்யா என்ற கேள்வியை அடுத்த பாவசங்கீர்த்தனத்துக்கு ஒதுக்கி வைத்தாள்.

எட்டு மணிக்குச் சைக்கிள் வந்தது. கொட்டகைக்கு நேராக வந்ததும் மெதுவானது. பிறகு மணியை ரெண்டு தடவை கிணுகிணுத்துக்கொண்டு பறந்தது. மீன் தூண்டிலைக் கவ்விவிட்டது!

அடுத்த நிமிஷம் தியாகேசன் மாட்டுத் தொழுவத்திலிருந்து ஓடிவந்தான். அவனும் நாளை எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். மூன்று நாளாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கொட்டகை வாசலில் பாயைப் பார்த்ததும் அந்தப் பெரிய உடம்பு அப்படியே தளர்ந்தது.

“வந்துடுச்சா? அடைக்கலம், வந்துடுச்சா?” கண்ணில் தண்ணீர் முட்டியது.

ஊரை ஏமாற்றலாம், இந்த முகத்தை எப்படி ஏமாற்றுவது? “இல்லிங்க” என்றாள். “இது சாரங்கபாணிக்கு.” விஷயத்தைச் சொல்லி முடித்தாள். அவன் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றான். “நெலம் போனாப் போவுது. நீ இரு, அது போதும்” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பு மூட்டப் போனான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்கள். வெளியூர் ஆட்கள் இருபது பேர், கையில் அரிவாளோடு. வரப்பில் குடை பிடித்தபடி சாரங்கபாணி. சரசரவென்று அறுப்பு ஆரம்பித்தது. அடைக்கலமேரி கீற்று இடுக்கு வழியாகப் பார்த்தாள். அவள் கையால் நட்ட பயிர், நாலு நாள் பொறுத்தால் முற்றி நிற்கும் கதிர், மளமளவென்று சாய்ந்தது. அரை மா போயிற்று. ஒரு மா போயிற்று. பத்து மணி ஆயிற்று. ஜீப்பைக் காணோம்.

பத்தேகாலுக்குத் தியாகேசன் அகப்பையைத் தூக்கி எறிந்தான். கம்பை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் பாய்ந்தான்.

“போவாதீங்க! நீங்க போனா அவங்க ஓடிடுவாங்க. பாக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது!”

“ரெண்டு மா போச்சுடி!”

அவள் கொட்டகையிலிருந்து பாய்ந்து அவன் கையை இறுக்கிப் பிடித்தாள். கொல்லைக் கதவில் நின்ற தங்கமணி அலறினாள். “அடியே, தொட்டுட்டியே! ரெண்டாம் நாள்டி! தீட்டுடி!”

“தீட்டு இல்ல அத்தை! இன்னும் வரலை அத்தை!” என்று அடைக்கலமேரி வீடு அதிரக் கத்தினாள்.

அந்தக் கத்தல் அடங்குவதற்குள் பாதையின் வளைவில் ஜீப் உறுமும் சத்தம் கேட்டது. மூன்று பேரும் ஒரே ஓட்டம். வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர். பாலத்தைத் தேட யாருக்குப் பொறுமை? கிழவியைத் தியாகேசன் தோளில் தூக்கிக்கொண்டான். மருதையனும் சங்கத்து ஆட்களும் அந்தப் பக்கமிருந்து வந்து சேர்ந்தார்கள்.

தாசில்தார் ஜீப்பிலிருந்து இறங்கினார். சாரங்கபாணி ஒரு நொடி வெலவெலத்து, உடனே சமாளித்துக்கொண்டு கும்பிட்டார். “வாங்க சார். பண்ணையோட சொந்தச் சாகுபடி. அறுப்பு நடக்குது. நீங்களே கண்ணால பாருங்க.”

முகம்மது யூசுப் வயலில் இறங்கி ஒரு கதிரை உருவினார். நெல்லைக் கடித்துப் பார்த்தார். இன்னொன்றையும் கடித்தார். அவரும் நெல் விளைகிற ஊரில் பிறந்தவர்தான்.

“இன்னும் நாலு நாள் வெயில் காணணுமே. பச்சையா இருக்கு. ஏன் இப்பவே அறுக்கறீங்க?”

“ஆளு கெடைக்கறப்ப அறுத்துக்க வேண்டியதுதான் சார்...”

“சொந்தப் பயிர எவனும் இப்படி அறுக்க மாட்டான்யா. திருடறவன்தான் அறுப்பான். எப்ப நாத்து விட்டீங்க? எப்ப நட்டீங்க?”

சாரங்கபாணி குடையை மடக்கினார், விரித்தார். தேதி வரவில்லை. நாற்று விட்ட நாள், நட்ட நாள், களை எடுத்த நாள் எல்லாவற்றையும் தியாகேசன் ஒரே மூச்சில் சொன்னான். சாரங்கபாணி அவனை அப்போதுதான் பார்த்தார். பேய் அறைந்த மாதிரி ஆனது முகம். “நீ... நீ எப்படி இங்க? நேத்துதானே உன் பொண்டாட்டி ஒதுங்கினா! இன்னிக்கி நீ அடுப்படியிலல்ல இருக்கணும்!” என்று உளறிவிட்டார்.

தங்கமணி மகனின் தோளிலிருந்து வழுக்கி இறங்கி, நடுங்கும் கையை நீட்டிக்கொண்டு போனாள். “எம் மருமவ ஒதுங்கற நாள எண்ணறதுக்கா பண்ணை உனக்குச் சம்பளம் குடுக்குது? அந்த மூணு நாளையும் கண்ணெடுத்துப் பாக்கற ஆம்பளையும் ஒரு ஆம்பளையா? தூ!” அறுக்க வந்த வெளியூர்ப் பெண்கள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுச் சாரங்கபாணியை முறைத்தார்கள். மருதையன் முழக்கம் போட ஆரம்பித்தார். தாசில்தார் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை விரித்தார். “குத்தகைதாரர் பேரு?”

“தியாகேசன்” என்றார்கள் ஐம்பது பேர்.

அடைக்கலமேரி கத்தவில்லை. அவள் வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஓடின ஓட்டமோ, தாண்டின வாய்க்காலோ, பயம் விட்டதோ, அடிவயிற்றில் அந்த இழுப்பு. தெரிந்த இழுப்பு. மாதா மாதம் எரிச்சலோடு வரவேற்ற வலி. ஈரச் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நிஜம்தானா? நிஜம்தான்! மாதாவே, நான் சாகப்போவதில்லை! என் பிள்ளைகளுக்கு நானே சோறு ஊட்டப் போகிறேன்! அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

கையெழுத்துப் போட்டுவிட்டுத் தியாகேசன் காகிதத்தை ஆட்டிக்கொண்டு சேற்றில் குதித்து வந்தான். “பேரு ஏறிடுச்சு அடைக்கலம்!” அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றான்.

“வந்துடுச்சுங்க. இது சாரங்கபாணிக்கு இல்ல. நமக்கு.”

காகிதம் அவன் கையிலிருந்து நழுவிற்று. அவள் காலடியில் சேற்றிலேயே மண்டியிட்டு உட்கார்ந்து, ஊர் பார்க்க, சத்தம் போட்டு அழுதான். மருதையன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பாருங்கய்யா, மண்ணுக்காக அழுவுறாரு!” என்றார். தங்கமணிக்கு மட்டும் குழப்பம். “இப்ப தீட்டா இல்லியா? ஒண்ணுல நில்லுங்கடி!”

“இப்ப நெசந்தான் அத்தை” என்றாள் அடைக்கலமேரி. கிழவி மருமகள் முகத்தைப் பார்த்தாள், மகன் முகத்தைப் பார்த்தாள். பிரசவத்தன்று டாக்டரம்மா சொன்னதை அவளும் கேட்டவள்தான். பக்கத்தில் வந்து, தீட்டை மறந்து, மருமகளின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தியாகேசன் மூக்கைத் துடைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினான். எண்ணி முடித்ததும் அவன் முகம் தொங்கிப்போனது.

“அடைக்கலம், எட்டாம் நாள் நான் எங்கடி போயி படுக்கறது? பேரு ஏறிடுச்சு, அறுப்பும் முடிஞ்சிடும். காவலுக்கு இனிமே வயலே கெடையாதே!”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை அவள் யோசிக்கவே இல்லை. இந்த மாதம் தப்பித்தாயிற்று. அடுத்த மாதம்? அதற்கடுத்த மாதம்? அவளுக்கு முப்பது வயதுகூட முடியவில்லை. “சாமியார்கிட்ட இன்னொரு தடவ கேக்கட்டுமா?” என்றாள், மெதுவாக.

“அவரு பாவம், என்ன சொல்லுவாரு? நீ மனசாரத் தடுக்கற வரைக்கும் நான் மனசாரப் போறேன். அவ்வளவுதான்.” எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். தன் மதமும் இல்லாத, தன் கணக்கும் இல்லாத ஒன்றுக்காக இந்த மனிதன் எத்தனை பனியில் படுத்திருக்கிறான் என்று நினைத்தபடி, அவன் முழங்காலில் ஒட்டியிருந்த சேற்றை அவள் தட்டிவிட்டாள்.

“மருதையண்ணே!” என்று தியாகேசன் வரப்பைத் தாண்டிக் குரல் கொடுத்தான். “வேற எந்த ஊருலயாவது வயக்காவலுக்கு ஆள் வேணுமாண்ணே?”

மருதையன் பூரித்துப் போனார். “இதான்யா தோழர்! கும்மோணம் பக்கம் நாலு ஊருல கேக்கறாங்க. எப்ப வர்றீங்க?”

“ஒரு வாரம் கழிச்சு வர்றேன். ஆனா ஒண்ணு, பன்னெண்டு நாளுதான் இருப்பேன்.”